நீபோ ஆலயத்தில் வெந்நீர்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வண்டி எங்கள் ஊர்த் தேவாலயமான நீபோ ஆலயத்து வாசலுக்கு வந்துவிட்டது. பேருந்து நீளம். உள்ளே, பெண்களின் மார்பில் புற்று இருக்கிறதா என்று படம் பிடிக்கும் இயந்திரம். ஓட்டுநர் சரளைக்கல்லில் பின்னால் எடுத்து, பெக்கான் மரத்தடியில் நிறுத்தினார். காய்கள் கூரைமேல் விழுந்து உருண்டன.

வழக்கமாக அக்டோபர் மாதம் அந்த வண்டி உயர்நிலைப் பள்ளி மைதானத்தில்தான் நிற்கும். வரவழைப்பது எங்கள் சங்கத்தின் ஊர்க்கிளை. கல்லூரியில் சேர்ந்து, அதன்பின் சாகும்வரை சகோதரிகளாக இருக்கும் கறுப்பினப் பெண்களின் சங்கம். எங்கள் கிளையில் பெரும்பாலும் ஆசிரியைகள். ஒரு நர்ஸ். ஒரு வங்கிக்காரி. நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரிலும் இளையவள். அந்த வண்டியில் ஏறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த வருடம் வண்டி இடம் மாறியது ஒரே ஒரு பெண்ணுக்காக. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியக்கூடாது.

புதன்கிழமை சாயங்காலம் நான் வில்லடீன் வீட்டில் இருந்தேன். வில்லடீன், எங்களுக்கெல்லாம் வில்லா, எங்கள் கிளைத் தலைவி, பள்ளித் தலைமையாசிரியை. அவளுடைய அண்ணன் ஹோசியா பின்வாசல் வழியாக வந்தார். பருத்தியில் விதை நீக்கும் ஜின்னிங் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார். தலை, புருவமெல்லாம் பஞ்சு.

"உட்காருண்ணே. பீச் பழப் பலகாரம் சூடா இருக்கு."

"வேணாம்."

"வேணாமா? நீயா சொல்ற?"

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"ரோஷெல் இருக்கட்டும். நம்ம பொண்ணுதான். சொல்லு."

"லூர்லீனுக்கு ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

"கட்டி." சட்டையின் இடதுபக்கப் பையைத் தொட்டுக்காட்டினார். "இங்க."

வில்லா அடுப்பை அணைத்தாள்.

"மதினி சொல்லுச்சா?"

"அவ எங்க சொல்லப்போறா? நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"நீ எப்படி..."

ஹோசியா கூரையைப் பார்த்தார். வில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரி சரி. புரியுது."

"என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, தூங்குன்னா. மறுநாள்லருந்து தலகாணியைத் தூக்கிட்டு அடுத்த ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டா."

"இது எப்ப?"

"பருத்தி வெடிக்கிறதுக்கு முன்னாடி."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானண்ணே?"

"பேச்சை எடுத்தாலே கரண்டி பறக்குது. அவ அக்கா பெர்னிஸ் அங்க நடந்துதான் உள்ள போனா, பொட்டியிலதான் வெளிய வந்தாங்கிறா. நான் வந்து சொன்னேன்னு தெரிஞ்சா என்னை வெட்டி மீனோட மீனாப் போட்டுருவா. நீயாப் பாத்து ஏதாவது பண்ணு வில்லா."

பலகாரத்தைத் தொடாமலே போனார். வில்லா நர்ஸ் ஐடெல்லாவுக்குப் போன் போட்டாள். ஐடெல்லா சத்தமாகப் பேசுவாள்; எனக்கும் கேட்டது.

"கட்டின்னு தெரிஞ்சா நேரா ஆஸ்பத்திரிதான் போகணும். அந்த வண்டி, கட்டி கிட்டி ஒண்ணும் இல்லாதவங்களுக்கு."

"மதினி ஆஸ்பத்திரிக்கு வராது ஐடெல்லா. வண்டின்னா ரெண்டு படிதான். சனிக்கிழமை நீபோ ஆலயத்து விருந்துக்கு மதினிதான் மீன் பொரிக்கும். அடுப்புக்குப் பக்கத்துலயே வண்டியை நிறுத்திட்டோம்னா?"



"முதல்ல ஏத்து. மத்ததை நான் பாத்துக்கிறேன். எங்க அத்தை வீட்டுலருந்து சனிக்கிழமை காலையிலதான் வருவேன். அதுக்குள்ள ஒண்ணும் குழப்பிடாத."

லூர்லீனுக்கு எங்கள் சங்கத்தைப் பிடிக்காது. அதற்குக் காரணம் இருந்தது.

பெர்னிஸ் அவளுடைய அக்கா. இருவரும் மீன் ஆலையில் அடுத்தடுத்து நின்று கெளுத்தி மீனின் சதை எடுப்பவர்கள். குளிர்ந்த ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ், கையில் வளைந்த கத்தி. பெர்னிஸ் பாடுவாள். லூர்லீன் கெட்ட வார்த்தை சேர்த்து அந்தப் பாட்டை முடித்துவைப்பாள். பெர்னிஸ் மார்பில் வந்த நோயைச் சொல்லாமலே வைத்திருந்தாள். சொன்னபோது எலும்புக்குப் போய்விட்டது.

அவள் இறந்த வருடம் எங்கள் கிளை ஊர்வலம் நடத்தியது. கரும்பச்சைப் பனியன், நெஞ்சில் பெர்னிஸ் சிரிக்கும் படம். ஊரே அதைப் போட்டுக்கொண்டு நடந்தது. லூர்லீனும் முன்வரிசையில் நடந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம்தான்.

அடுத்த வசந்தத்துக்குள் பனியன்கள் பழசாகிவிட்டன. ஊரில் அதைப் போட்டுக்கொண்டு வர்ணம் அடித்தார்கள், கார் கழுவினார்கள். ஒருநாள் ஹோசியா லாரியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயில் அளக்கும் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணியில் பெர்னிஸின் ஒரு கண்ணும் பல்வரிசையும் தெரிந்தன. லூர்லீன் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்த் துவைத்தாள். கறை போகவில்லை. மறுபடியும் துவைத்தாள்.

பருத்தி அறுவடை முடியும்வரை அவரிடம் பேசவில்லை. எங்களை "துணிக்கடைக்காரிங்க" என்று சொல்லத் தொடங்கினாள். நாத்தனாரைக் கண்டால், "வாங்க டீச்சரம்மா, இந்த வருசம் யாரு மூஞ்சி?" என்பாள். பனியன் அடிக்கும் யோசனை வில்லாவுடையது.

வெள்ளிக்கிழமை வில்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பைகள் நிரப்பினோம். வண்டிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துணிப்பை. வழக்கமாக ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, சங்கத்தின் முத்திரை இருக்கும். வில்லா அதையெல்லாம் ஒதுக்கினாள்.

"ஆலை ஷிப்ட் முடிஞ்சு நேரா வருவாங்க ரோஷெல். மேலெல்லாம் மீன் வாடை. அதோட போய் முன்னப்பின்ன தெரியாத பொண்ணு முன்னாடி சட்டையைக் கழட்டணும்னா கூச்சமா இருக்காதா? நம்ம மதினியே அதைச் சாக்கு சொல்லும்."

"ஆமாக்கா."

"அதான் இது."

லாவெண்டர் பவுடர் டப்பா. அக்குளில் உருட்டும் வாசனைக் குப்பி. சோப்பு. சின்னத் துண்டு. எல்லாம் ஊதா நிறத்தில், பார்க்க அழகாக இருந்தன. நான் ஒவ்வொரு பையிலும் பச்சை நாடா கட்டினேன். வில்லா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்; நல்ல காரியம் செய்த முகம்.

வண்டிக்காரர்கள் அனுப்பிய தாள்கட்டு மேசை ஓரத்தில் இருந்தது. அதை ஆலயத்து வாசலில் வைத்தால் போதும் என்றாள்.

சனிக்கிழமை. குளத்து மீன்பண்ணைகள் மேல் பனி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பறிக்காத பருத்தி. இலை உதிர்க்கும் மருந்தின் வாடை இன்னும் காற்றில் இருந்தது. ஹோசியாவின் லாரியில் லூர்லீன் வந்து இறங்கினாள். பெரிய இரும்புச் சட்டி, எரிவாயு அடுப்பு, சோளமாவு, முந்தின நாளே ஊறவைத்த மீன். இறங்கியதும் வண்டியைப் பார்த்தாள்.

"இது என்ன இங்க நிக்குது?"

"பள்ளிக்கூடத்துல தார் போடுறாங்க மதினி," என்றாள் வில்லா.

"தாரா? நேத்து அந்த வழியாத்தான் வந்தேன். புல்லுதான் முளைச்சிருக்கு."

"இன்னிக்குப் போடுறாங்க."

"சனிக்கிழமையா?"

"ஆமா."

லூர்லீன் நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள். வில்லா சங்கத்தின் கரும்பச்சைக் கோட்டு போட்டிருந்தாள், முத்து மாலையுடன்.

"சரி. துணிக்கடை எங்க வேணாலும் போடலாம். என் அடுப்புக்குக் காத்து வர்ற பக்கம் நிக்காதீங்க."

காலையில் ஆலயத்துப் பெண்கள் சிலர் வண்டியில் ஏறி இறங்கி, பையைப் பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். படம் எடுக்கும் பெண் டமீக்கா இளம்பெண். ஒவ்வொருவரையும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். ஐடெல்லா வந்து சேர்ந்ததும் அவளிடம் தனியாக ஏதோ சொன்னாள். டமீக்கா அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பத்து மணிக்குமேல் ஆலைப் பெண்கள் வந்தார்கள். லாரிகளிலும் கார்களிலும் நெருக்கி உட்கார்ந்து, தலைமுடி வலையும் பூட்ஸும் கழற்றாமல். முன்னால் குயீன் எஸ்தர். ஆலையில் அவள் குரல் இயந்திரத்துக்கு மேலே கேட்கும் என்பார்கள்.

"பையா? எனக்கா? அடியே இங்க பாருங்கடி, பவுடரு!"

ஆலயத்துக் கழிவறைக்குள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். வெளியே வந்தபோது லாவெண்டர் மேகம் கூடவே வந்தது. கழுத்து, மார்பு, அக்குள் எல்லாம் வெள்ளை.

லூர்லீன் சட்டிக்கு முன்னால் நின்று பார்த்தாள்.

"என்னடி இது, ரொட்டிக்கடையிலருந்தா வர்றீங்க?"

"உன் நாத்தனா குடுத்தா. நீயும் போட்டுக்க. உன் மேல அடிக்கிற வாடைக்கு ரெண்டு டப்பா வேணும்."

"மீன் நாத்தத்துக்கு மேல பூ நாத்தமா? டீச்சரம்மாவுக்கு நம்ம வாடை ஆகல போல."

வில்லா கேட்காதமாதிரி நாடாவைச் சரிசெய்தாள்.

"நீ எப்ப ஏறப்போற லூர்லீன்?" என்றாள் குயீன் எஸ்தர்.

"மீனை யாரு பாக்கிறது?"

"ஹோசியா பாப்பான்."

"அவன் பாத்தா மீனு கரியாயிரும். போ போ, வரிசையில நில்லு."

சொல்லிக்கொண்டே மாவில் புரட்டிய துண்டுகளை எண்ணெயில் விட்டாள். இடதுகையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். தட்டில் மீனும், பக்கத்தில் தக்காளி போட்ட ஸ்பகெட்டியும், கோஸும் விழுந்துகொண்டிருந்தன. ஹோசியா மரத்தடியில் நின்று தட்டு நீட்டினார். மனைவியைப் பார்ப்பதும் வண்டியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மூன்றாவது பெண் உள்ளே போனதும் வண்டிக் கதவு திறந்தது. டமீக்கா படியில் நின்றாள்.

"யாரு யாரு பவுடர் போட்டிருக்கீங்க?"

எல்லோரும் பெருமையாகக் கை தூக்கினார்கள். குயீன் எஸ்தர் இரண்டு கையையும் தூக்கினாள்.

"ரெண்டு பக்கமும் போட்டிருக்கேன் கண்ணு."

டமீக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"போடக்கூடாதும்மா. படத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுது. நோயோட புள்ளியும் அப்படித்தான் இருக்கும். எது பவுடரு, எது நோயுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த உருட்டுற குப்பியும் அப்படித்தான். எல்லாரும் நல்லாக் கழுவிட்டு வந்தாத்தான் எடுக்க முடியும்."

சத்தம் அடங்கியது. ஐடெல்லா ஒரு பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது யாரு யோசனை?"

"நான்தான்," என்றாள் வில்லா.

"தாள்ல பெரிய எழுத்துல போட்டிருக்கே. பவுடர் கூடாதுன்னு முதல் வரியே அதுதான்."

"படிக்கல."

அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. லூர்லீன் சிரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சரம்மா படிக்கலையாம்டி! ஊருப் பிள்ளைங்களையெல்லாம் படி படின்னு காதைத் திருகுறவ, படிக்கலையாம்!"

ஆலைப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஐடெல்லாவும் சிரித்தாள். பெர்னிஸ் போனபிறகு லூர்லீன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வில்லா ஒரு பையின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

கழிவறையில் ஒரே குழாய். பச்சைத்தண்ணீர்.

"நான் மாட்டேன்," என்றாள் குயீன் எஸ்தர். "வாரம் பூரா பச்சைத்தண்ணியில நிக்கிறோம். இன்னிக்கும் அதுதானா? வெந்நி குடு, கழுவுறேன். இல்லாட்டி நான் மீனைத் தின்னுட்டு வீட்டுக்குப் போறேன்."

இரண்டு பேர் வீட்டுக்கே கிளம்பிவிட்டார்கள். ஐடெல்லா ஓடிப்போய்க் கார் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வில்லா கோட்டைக் கழற்றினாள். ஆலயத்துக் கூடத்துச் சமையலறைக்குப் போய் ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். நான் இன்னொன்று வைத்தேன். லூர்லீன் வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"அந்தக் குருவிச் சட்டியில காய்ச்சினா கிறிஸ்மஸ் வந்துரும். தள்ளு."

அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய அலுமினியத் தவலைகளை இழுத்தாள். இறுதிச் சடங்குச் சாப்பாட்டுக்குக் கீரை வேகவைக்கும் தவலைகள். வலதுகையால் மட்டும் இழுத்தாள். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை.

"ஹோசியா! நீ மீனைப் பாரு. உள்ள எட்டிப் பாத்தே, கண்ணைத் தோண்டிருவேன். குயீன் எஸ்தர், திரையெல்லாம் இழுத்து விடு. டீச்சரம்மா, உங்க ஆளுங்களைக் கூப்பிடு. சும்மா பச்சைப் பச்சையா நிக்கிறாங்க, செடி மாதிரி."

எங்கள் சகோதரிகள் ஏழு பேரும் வந்தார்கள். அடுப்பிலிருந்து கூடம்வரை ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. தானாகவே உயரப்படி நின்றுவிட்டார்கள், குட்டையானவள் முதலில். சங்கத்தில் சேரும்போது மாதக்கணக்கில் அப்படி நிற்கவைத்துப் பழக்கியிருக்கிறார்கள். மளிகைக்கடையில்கூட அப்படித்தான் நிற்போம். எங்களில் குட்டை வில்லா. அடுப்புக்குப் பக்கம் அவள்தான்.

குவளை கைமாறி வந்தது. ஆலைப் பெண்கள் சட்டையை இடுப்புக்கு இறக்கிவிட்டு, மடக்கு மேசைகளில் வைத்த பாத்திரங்களுக்கு முன்னால் நின்று கழுவினார்கள். பெரிய மார்பு, சின்ன மார்பு, பிள்ளை பெற்ற மார்பு. ஒருத்திக்கு ஒரு பக்கம் இல்லை. யாரும் கண்ணைத் திருப்பவில்லை.

"தேய்டி, நல்லாத் தேய். தீர்ப்பு நாள்ல ஆண்டவர் முன்னாடி நிக்கிற மாதிரி."

"ஆண்டவர் இதையெல்லாம் பாத்திருக்கார். டமீக்காதான் பாக்கல."

வரிசையில் யாரோ, காலால் தரையைத் தட்டி ஆடும் எங்கள் சங்கத்துப் பாட்டைத் தொடங்கினார்கள். சங்கத்துக்கு வெளியே யாரும் அதைப் பாடக்கூடாது என்று விதி. ஆலைப் பெண்கள் ரப்பர் பூட்ஸால் தரையை உதைத்துத் தாளம் போட்டார்கள். எங்கள் தாளத்தைவிட அது நன்றாக இருந்தது. விதியை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பிய இருவரும் திரும்பி வந்திருந்தார்கள்.

ஒவ்வொருவராக ஈரக் கழுத்தோடு போய் வண்டியில் ஏறினார்கள். கடைசியாகக் குயீன் எஸ்தர் போனாள். மற்றச் சகோதரிகளும் தட்டு எடுக்கப் போனார்கள். கூடத்தில் நாங்கள் மூவர். நான் பாத்திரங்களைக் கவிழ்த்தேன். வில்லா முட்டிபோட்டுத் தரையைத் துடைத்தாள். காலுறை கிழிந்திருந்தது. முத்து மாலையில் சோப்பு நுரை.

லூர்லீன் அடுப்பிலிருந்து கடைசித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றினாள்.

"அது யாருக்கு மதினி?"

"யாருக்கும் இல்ல. மிஞ்சிப்போச்சு."

அதைக் கொட்டாமல் நின்றாள்.

"உனக்குத் தெரியும்தான?"

"எது?"

"தார் போடுறாங்கன்னு சொன்னியே. அப்பவே தெரிஞ்சுது எனக்கு. பொய் சொல்ல வராது உனக்கு. மூக்கு விரியுது."

வில்லா துணியைப் பிழிந்தாள்.

"தெரியும்."

"அவன்தான."

"புதன்கிழமை அண்ணன் வந்துச்சு. பீச் பலகாரம் சூடா இருந்துச்சு. வேணாம்னுருச்சு."

"வேணாம்னானா?"

"தொடக்கூட இல்ல."

லூர்லீன் ஜன்னல் திரையை விரலால் விலக்கி வெளியே பார்த்தாள். ஹோசியா சட்டிக்கு முன்னால் நின்றார். மீனைப் பார்க்கவில்லை. கூடத்துக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா வண்டியை இங்க இழுத்துட்டு வந்தே?"

"ம்."

"இத்தனை பேரையும் குளிப்பாட்டுனதும் எனக்காகவா?"

"அது என் முட்டாத்தனம்."

லூர்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருந்துச்சுன்னா?"

"இருந்தா பாப்போம். ஐடெல்லா இருக்கா. நான் கூட வருவேன்."

"நான் அதைக் கேக்கல. இருந்துச்சுன்னா என் மூஞ்சியைப் பனியன்ல அடிப்பீங்களா?"

வில்லாவின் கை நின்றது. நான் ஒரு பாத்திரத்தை மறுபடி துடைத்தேன்.

"அடிக்க மாட்டோம்."

"பேரு?"

"பேரும் போட மாட்டோம்."

"ஊர்வலம்?"

"மதினி, நீ செத்தா ஊர்ல ஒருத்தரையும் நடக்க விடமாட்டேன். எல்லாரும் வீட்டுலயே உக்காந்து கிடக்கட்டும். போதுமா?"

லூர்லீன் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"பெர்னிஸ் படத்தை நீ அடிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் பிறகு. "அதை இல்லேங்கல."

"அந்தப் பனியனை அண்ணன் தொடுறதுக்கு முன்னாடி நானே எல்லாத்தையும் திருப்பி வாங்கியிருக்கணும். தோணல."

"உனக்கு எப்பவும் ஒண்ணு தோணும். அதுக்கு அடுத்தது தோணாது."

"ஆமா."

அவள் அப்படி ஒத்துக்கொண்டதை லூர்லீன் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"நான்தான் பவுடரே போடலையே. எதுக்குடி கழுவுறேன்?"

"மேலெல்லாம் எண்ணெய். கையைத் தூக்கு மதினி."

"மெதுவா. இந்தப் பக்கம்."

"இங்கயா?"

"ம்."

தண்ணீர் சத்தம் நின்றது.

"சூடு சரியா இருக்கா?" என்றாள் வில்லா.

"சரியா இருக்கு."

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. லூர்லீன் யாரையும் பார்க்காமல் நடந்தாள். ஆலைப் பெண்கள் தட்டோடு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். குயீன் எஸ்தர் வேண்டுமென்றே வேறு எதையோ சத்தமாகப் பேசத் தொடங்கினாள். லூர்லீன் முதல் படியில் கால் வைத்தாள். ஹோசியாவின் கையில் கரண்டி அப்படியே இருந்தது. எண்ணெயிலிருந்து புகை வந்தது.

"ஏ மனுசா! மீனைத் திருப்பு!"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சட்டி மீன் முழுவதும் கரிந்துவிட்டது. ஹோசியா அதையும் தட்டில் வைத்துத் தானே தின்றார்.

மறுவாரமே பெரிய ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இன்னும் படம் எடுக்க வேண்டும், ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். வில்லா பள்ளிக்கு விடுப்புப் போட்டுக் காரை ஓட்டினாள். நான் பின்சீட்டில். ஹோசியாவை லூர்லீன் வரவிடவில்லை.

"அவன் வந்தா அவனைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். ஆலையில கிடக்கட்டும்."

ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. வில்லா கையை நீட்டவில்லை. பக்கத்தில் நின்றாள். கதவு இன்னொருமுறை திறந்தபோது லூர்லீன் உள்ளே போனாள்.

காத்திருக்கும் இடத்தில் வில்லா ஒரே பத்திரிகையை மடியில் வைத்திருந்தாள். பக்கம் திருப்பவில்லை.

நீர்க்கட்டி. ஊசி குத்தியதும் வைக்கோல் நிறத்தில் தண்ணீர் வந்து, கட்டி அமுங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, வருடாவருடம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். லூர்லீன் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார். வாகன நிறுத்தத்தில் நின்று ஹோசியாவுக்குப் போன் செய்தாள்.

"தண்ணியாம். வெறும் தண்ணி. ஆமா... ஆமாங்கிறேன்ல? ஏய், அழாத. மெசினு ஓடுது, கையை உள்ள விட்டுறாத. போய்ச் சாப்பிடு. சரி. இன்னிக்கு ரூமுக்கு வரேன். வைய்யி போனை."

என்னைப் பார்த்தாள்.

"நீ கேக்கலைல்ல?"

"இல்லக்கா."

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் தமாலே வாங்கினோம். சோளமட்டையில் சுற்றி வேகவைத்த மாவும் இறைச்சியும், நூலால் கட்டியது. கார் முன்மூடிமேல் தாளை விரித்துச் சாப்பிட்டோம். காரமான சாறு விரல்களில் வழிந்தது. சாலையின் இருபுறமும் பஞ்சு சிதறிக் கிடந்தது. லாரி போகும்போதெல்லாம் எழுந்து, அமர்ந்தது. லூர்லீன் மூன்றாவதைப் பிரித்தாள். பசி திரும்பி வந்திருந்தது.

"வருசா வருசம் வரச் சொல்றார்."

"கூட்டிட்டு வரேன் மதினி."

"வா. ஆனா ஒண்ணு. அந்த மெசினு இப்படி அமுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு, ரொட்டி தட்டுற மாதிரி. பலகையும் ஐசு. குயீன் எஸ்தர் கத்துனது எனக்கு அடுப்புவரை கேட்டுச்சு, நான் அவ சும்மா நடிக்கிறான்னு நெனைச்சேன்."

"கொஞ்ச நேரம்தான மதினி."

"கொஞ்ச நேரமா? மூச்சைப் பிடிங்கிறா, விடாதேங்கிறா. பாதியில எனக்குப் பெர்னிஸ் பாட்டே வந்துருச்சு, கெட்ட வார்த்தையோட. உனக்கும் அப்படித்தான் வலிச்சுதா?"

வில்லா காகிதத்தில் விரல்களைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக. ஒரு பருத்தி லாரி கடந்து போயிற்று. நான் அவள் மூக்கைப் பார்த்தேன். லூர்லீனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தமாலேயைக் கீழே வைத்தாள்.

"வில்லா. நீ எப்பவாச்சும் அந்த வண்டியில ஏறியிருக்கியா?"